1985: விமானப் பயண விதிகளை மாற்றி எழுதிய வருடம்

விமானத்துறைக்கும் எனக்கும் தொழில்ரீதியாக எந்தச் சம்பந்தமும் இல்லை. பி.ஈ. முடித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேலாக சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருப்பவன். ஆனால் விமான விபத்து விசாரணை அறிக்கைகளைத் தேடிப் படிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. எங்கள் தொழிலில் ஒரு சிஸ்டம் விழுந்தால், மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து "என்ன ஆச்சு, ஏன் ஆச்சு, இனிமே ஆகாம இருக்க என்ன பண்ணணும்" என்று எழுதி வைப்போம். பாதி நேரம் அது ஒரு சடங்குதான். விமானத்துறையில் அதே வேலையை வருடக்கணக்கில், ஒரு ரிவெட் விடாமல் செய்கிறார்கள். அவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கும் ஆசையில்தான் படிக்க ஆரம்பித்தேன்.

அப்படிப் படிக்கும்போது ஒரு வருடம் மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது: 1985. பயணிகள் விமானப் போக்குவரத்தின் மிக மோசமான வருடங்களில் ஒன்று. அந்த வருடத்தின் பெரிய விபத்துகளை முதலில் ஒரு பட்டியலாகப் பார்த்துவிடலாம்.

• பிப்ரவரி 19: ஸ்பெயின், பில்பாவோ அருகே ஐபீரியா போயிங் 727 மலை உச்சியில் இருந்த டிவி ஆன்டெனாவில் மோதி விழுந்தது. 148 பேர்.
• ஜூன் 23: அயர்லாந்துக் கடலோரத்துக்கு அப்பால் ஏர் இந்தியா 'கனிஷ்கா' நடுவானில் குண்டு வெடித்துச் சிதறியது. 329 பேர்.
• ஜூலை 10: சோவியத் உஸ்பெகிஸ்தானில் ஏரோஃப்ளாட் டி.யூ-154. 200 பேர்.
• ஆகஸ்ட் 2: அமெரிக்கா, டல்லாஸ் விமான நிலையம் அருகே டெல்டா 191. தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 137 பேர்.
• ஆகஸ்ட் 12: ஜப்பான் ஏர்லைன்ஸ் 123. 520 பேர்.
• ஆகஸ்ட் 22: இங்கிலாந்து, மான்செஸ்டர் ஓடுபாதையிலேயே தீப்பிடித்த பிரிட்டிஷ் ஏர்டூர்ஸ் 737. 55 பேர்.
• டிசம்பர் 12: கனடா, கேண்டர். கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த அமெரிக்கப் படைவீரர்களை ஏற்றிய ஆரோ ஏர் டி.சி-8. 256 பேர்.

இந்த ஏழை மட்டும் கூட்டினாலே 1,645 பேர். ஆகஸ்ட் மாதத்தில் 20 நாள் இடைவெளியில் மூன்று விபத்து.

பட்டியலைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இந்த ஏழில் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. வெடிகுண்டு, வானிலை, பழைய ரிப்பேர், புகை, மலை, களைப்பு என்று விமானம் விழக்கூடிய வழிகள் பெரும்பாலும் ஒரே வருடத்தில் வந்துபோயிருக்கின்றன. இன்று நாம் விமானத்தில் ஏறும்போது கண்டுகொள்ளாமல் கடந்துபோகும் பல ஏற்பாடுகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அதேபோல், பாடம் படித்துவிட்டோம் என்று எழுதி வைத்துவிட்டு நிஜத்தில் படிக்காமல் விட்டதும் இங்கே இருக்கிறது. நான் சொல்ல வருவது முக்கியமாக அந்த இரண்டாவது விஷயம்.

ஒரு தகடு, ஒரு வரிசை ரிவெட்

ஜப்பான் ஏர்லைன்ஸ் 123-லிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரே ஒரு விமானம் சம்பந்தப்பட்ட விபத்துகளில் இன்றுவரை அதிக உயிர்களைக் கொண்டுபோனது இதுதான்.

ஆகஸ்ட் 12, ஜப்பானில் ஓபோன் விடுமுறைக் காலம். நம் ஊர் பொங்கல், தீபாவளி மாதிரி எல்லோரும் சொந்த ஊருக்குப் போகும் நேரம். டோக்கியோ ஹனேடாவிலிருந்து ஒசாகாவுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். போயிங் 747-ல் 524 பேர். மாலை 6:12-க்குக் கிளம்பியது. 12 நிமிடம் கழித்து, சுமார் 24,000 அடி உயரத்தில், பின்பக்கம் ஒரு பெரிய சத்தம்.

விமானத்தின் உள்ளே நாம் மூச்சுவிடக் காற்றை அழுத்தி வைத்திருப்பார்கள். அந்த அழுத்தம் வால் பக்கம் போய்விடாமல் தடுக்க, கடைசியில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு தடுப்புச் சுவர் இருக்கும். அதுதான் கிழிந்தது. உள்ளே இருந்த காற்று வால் பகுதிக்குள் பாய்ந்து, செங்குத்து வாலின் பெரும்பகுதியைப் பிய்த்துக்கொண்டு போனது. போகும்போது நான்கு ஹைட்ராலிக் குழாய்களையும் அறுத்துவிட்டது.

747-ல் நான்கு தனித்தனி ஹைட்ராலிக் அமைப்புகள் உண்டு. ஒன்று போனால் இன்னொன்று என்பதுதான் வடிவமைப்பு. ஆனால் நான்கும் வால் பகுதியில் ஒரே இடத்தைக் கடந்து போயின. காகிதத்தில் நான்கு, நிஜத்தில் அந்த இடத்தில் ஒன்று. எங்கள் தொழிலில் இரண்டு சர்வர் வைத்துவிட்டு இரண்டையும் ஒரே பிளக்கில் சொருகுவது மாதிரி. சர்வர் விழுந்தால் மறுபடி ஏற்றிவிடலாம். அவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கேப்டன் தகஹாமாவும் மற்றவர்களும் என்ஜின் விசையைக் கூட்டிக் குறைத்தே அந்த விமானத்தை 32 நிமிடம் வானில் வைத்திருந்தார்கள். விமானம் மேலும் கீழும் ஊசலாடிக்கொண்டே இருந்தது. உள்ளே சிலர் கிடைத்த தாளில் குடும்பத்துக்குக் கடிதம் எழுதினார்கள். 6:56-க்கு குன்மா மாகாணத்தில் ஒஸுடகா மலை முகட்டில் மோதியது. அமெரிக்க விமானப்படையின் ஒரு சி-130 விமானம் சீக்கிரமே இடத்தைக் கண்டுபிடித்தும், மீட்புக் குழு மலையேறிச் சேர்ந்தது மறுநாள் காலையில்தான். நான்கு பேர் பிழைத்தார்கள். இரவெல்லாம் இன்னும் சிலர் உயிரோடு முனகிக்கொண்டிருந்ததாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள்.

சரி, அந்தச் சுவர் ஏன் கிழிந்தது? விசாரணை ஏழு வருடம் பின்னால் போனது. 1978 ஜூனில் இதே விமானம் ஒசாகாவில் இறங்கும்போது வால் தரையில் உரசியது. சேதமான சுவரின் கீழ்ப்பாதியை போயிங் ஆட்களே வந்து மாற்றினார்கள். பழைய மேல்பாதியும் புதிய கீழ்ப்பாதியும் சேரும் ஓரிடத்தில் விளிம்பு போதவில்லை. அதனால் நடுவில் ஒரு இணைப்புத் தகடு வைக்கச் சொல்லி வரைபடம் கொடுக்கப்பட்டது. அந்தத் தகடு ஒரே துண்டாக இருக்க வேண்டும். அப்போதுதான் பாரம் ஒன்றுக்கு மேற்பட்ட ரிவெட் வரிசைகளுக்குப் பிரியும். ஆனால் வேலை செய்தவர்கள் தகட்டை இரண்டாக வெட்டி வைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் பாரம் முழுவதும் ஒரே வரிசை ரிவெட்டில் விழுந்தது. இணைப்பின் பலம் இருக்க வேண்டியதில் சுமார் 70 சதவீதமாகிவிட்டது.

விமானம் ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் பலூன் மாதிரி ஊதும், இறங்கும்போது சுருங்கும். அந்த ரிப்பேருக்குப் பிறகு 12,000 தடவைக்கு மேல் ஊதிச் சுருங்கியது. கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் ஒரு நேரம் பட்டென்று ஒடியும் இல்லையா? அதேதான்.

இதன் பிறகு 747-களின் வால் பகுதியில் காற்று பாயும் திறப்புக்கு மூடி போட்டார்கள். குழாய் அறுந்தாலும் எண்ணெய் முழுவதும் வடிந்துவிடாதபடி ஹைட்ராலிக் இணைப்பில் தடுப்பு வைத்தார்கள். இன்னொரு பலனும் கிடைத்தது. டென்னிஸ் ஃபிட்ச் என்ற யுனைடெட் ஏர்லைன்ஸ் பயிற்சி விமானி இந்த விபத்தைப் படித்துவிட்டு, "வெறும் என்ஜின் விசையை வைத்தே ஓட்ட முடியுமா" என்று சிமுலேட்டரில் முயன்று பார்த்தார். 1989-ல் அவர் சாதாரணப் பயணியாகப் போய்க்கொண்டிருந்த டி.சி-10 விமானத்தில் ஹைட்ராலிக் முழுவதும் போனது. அவர் காக்பிட்டுக்குப் போய் விசைக் கம்பிகளைப் பிடித்தார். சியூ சிட்டியில் அந்த விமானம் உடைந்துதான் இறங்கியது. ஆனாலும் 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். ஒஸுடகா மலையில் போனவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இங்கேயே நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் 2002 மே 25 அன்று தைவானிலிருந்து ஹாங்காங் போன சைனா ஏர்லைன்ஸ் 611, இன்னொரு 747, நடுவானில் உடைந்து 225 பேர் இறந்தார்கள். காரணம்? 1980-ல் ஹாங்காங்கில் வால் உரசல். சேதமான உலோகத்தை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே ஒரு தகட்டை வைத்து மூடியிருந்தார்கள். அடியில் விரிசல் 22 வருடம் வளர்ந்தது. 1985-லேயே "வால் உரசல் ரிப்பேரைக் கவனி" என்று உலகத்துக்கே தெரிந்துவிட்டது. ஆனால் அந்தக் குறிப்பிட்ட தகட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கவில்லை.

ஆள் ஏறவில்லை, பெட்டி ஏறியது

ஏர் இந்தியா 182. விமானத்தின் பெயர் 'எம்பரர் கனிஷ்கா'. டொராண்டோ, மான்ட்ரியலிலிருந்து லண்டன் வழியாக டெல்லிக்கு. 329 பேரில் 268 பேர் கனடாக் குடிமக்கள், பெரும்பாலானோர் இந்திய வம்சாவளி. பள்ளி விடுமுறைக்குத் தாத்தா பாட்டியைப் பார்க்கப் போன குழந்தைகள் மட்டும் 80 பேருக்கு மேல்.

முந்தைய நாள் வான்கூவரில் ஒருவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். அவருக்கு ஏர் இந்தியா விமானத்தில் இடம் உறுதியாகவில்லை, காத்திருப்புப் பட்டியல்தான். விதிப்படி பெட்டியை டொராண்டோ வரைதான் போட வேண்டும். அவர் வாதம் பண்ணினார், பின்னால் நீளமான வரிசை. கவுன்டரில் இருந்தவர் கடைசியில் நேராக டெல்லிக்கே டேக் போட்டுவிட்டார். பெட்டி போனது. ஆள் ஏறவே இல்லை. டொராண்டோவில் எக்ஸ்ரே இயந்திரம் பாதியில் பழுதாகி, மீதிப் பெட்டிகளைக் கையடக்க மோப்பக் கருவியால் பார்த்தார்கள்.

அதே நாள் வான்கூவரிலிருந்து இன்னொரு பெட்டி டோக்கியோவுக்குப் போனது. அது வேறொரு ஏர் இந்தியா விமானத்துக்கு மாற வேண்டிய பெட்டி. நரிடா விமான நிலையத்திலேயே வெடித்து, பெட்டி தூக்கும் தொழிலாளர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் 31,000 அடி உயரத்தில் கனிஷ்கா ராடாரிலிருந்து மறைந்தது. கடலிலிருந்து 131 உடல்கள்தான் கிடைத்தன.

செய்தது காலிஸ்தான் தீவிரவாதக் குழு. ஆனால் என்னை அதிகம் தொந்தரவு செய்வது அதற்கு முந்தைய சில வாரங்கள். ஜூன் 1-ம் தேதியே ஏர் இந்தியா, நேரம் வைத்த வெடிபொருள் வரலாம் என்று எச்சரித்துச் செய்தி அனுப்பியிருந்தது. ஜூன் 4-ம் தேதி கனடா உளவுத்துறை ஆட்கள் ஒரு சந்தேக நபரைக் காட்டுக்குள் பின்தொடர்ந்து போய் வெடிச் சத்தத்தையே கேட்டார்கள். துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்துவிட்டார்கள். ஒட்டுக்கேட்ட பதிவு நாடாக்களைப் பின்னால் அழித்துவிட்டார்கள். தகவல் எல்லாம் இருந்தது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மேஜையில். சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. தண்டனை பெற்றது ஒரே ஒருவர், குண்டு தயாரிக்க உதவியவர். நீதிபதி ஜான் மேஜர் விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை வந்தது 2010-ல். கனடாப் பிரதமர் அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டதும் அந்த வருடம்தான். இறந்தவர்களில் பெரும்பாலோர் கனடாக்காரர்கள் என்றாலும், 1985-ல் கனடாப் பிரதமர் அனுதாபம் சொல்ல ராஜீவ் காந்திக்கு போன் போட்டார். அந்தக் குடும்பங்கள் இதை இன்றும் மறக்கவில்லை.

இதிலிருந்து வந்த விதி ரொம்பச் சுலபம்: ஆள் ஏறவில்லையென்றால் அவர் பெட்டியும் ஏறக்கூடாது. கதவு மூடும் நேரத்தில் யாரோ வரவில்லை என்று பெட்டியைத் தேடி இறக்குவதற்காக நாம் காத்திருக்கிறோமே, அது இதனால்தான். கனடா உடனே இதைக் கொண்டுவந்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பும் விதியாக்கியது.

மூன்றே வருடத்தில், 1988 டிசம்பரில், லாக்கர்பி. பான் ஆம் 103, 270 பேர். வேறு விமானத்திலிருந்து மாறி வந்த, கூட ஆள் இல்லாத ஒரு பெட்டி. ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஆளோடு ஒப்பிடாமல் எக்ஸ்ரே மட்டும் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அதே ஓட்டை. எங்கள் தொழிலில் ஒரு பிழைக்கு டிக்கெட் போட்டு, "சரிசெய்யப்பட்டது" என்று மூடிவிட்டு, உண்மையில் ஒரு கிளையில் மட்டும் திருத்தியிருப்பார்கள். டிக்கெட்டை மூடினால் பிழை போய்விடாது. லாக்கர்பிக்குப் பிறகுதான் பெட்டி ஒப்பிடுவதை எல்லா இடத்திலும் கறாராகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

தலைக்கு மேல் கொட்டும் காற்று

டெல்டா 191-க்கு எங்கள் துறையோடு ஒரு தொடர்பு உண்டு. ஐ.பி.எம். பிசியை உருவாக்கிய குழுவின் தலைவர் டான் எஸ்ட்ரிட்ஜும் அவர் மனைவியும் அதில்தான் போனார்கள். இன்று நம் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரின் பரம்பரை அவரிடமிருந்து வருகிறது.

டல்லாஸில் இறங்கும் நேரம். ஓடுபாதைக்கு முன்னால் ஒரு சின்ன இடிமேகம். முன்னால் போன விமானங்கள் இறங்கிவிட்டன, இவர்களும் உள்ளே போனார்கள். அங்கே இருந்தது மைக்ரோபர்ஸ்ட். குழாயைத் திறந்து தரையில் தண்ணீர் விட்டால் என்ன ஆகும்? நேராக வந்து தரையில் பட்டு எல்லாப் பக்கமும் சிதறும். குளிர்ந்த காற்று மேகத்திலிருந்து அப்படிக் கொட்டுவதுதான் மைக்ரோபர்ஸ்ட்.

இதற்குள் நுழையும் விமானத்துக்கு முதலில் எதிர்க்காற்று கிடைக்கும். இறக்கை மேல் காற்று வேகமாகப் போவதால் விமானம் தானாக எழும்பும். விமானி "வேகம் அதிகமாகிவிட்டது" என்று விசையைக் குறைப்பார். அடுத்து மேலிருந்து கீழே தள்ளும் காற்று. அதற்கு அடுத்து பின்னாலிருந்து காற்று. இறக்கை மேல் ஓடும் காற்றின் வேகம் சட்டென்று விழும், தூக்கும் சக்தி போய்விடும். விசை குறைத்த நிலையில், தரைக்குப் பக்கத்தில், அரை நிமிடத்துக்குள் இவ்வளவும் நடக்கும். முதல் உதவி மாதிரி தோன்றுவதுதான் பொறி. டெல்டா விமானம் ஓடுபாதைக்கு முன்பே தரையில் இறங்கி, நெடுஞ்சாலையில் ஒரு காரை அடித்து, தண்ணீர்த் தொட்டிகளில் மோதியது.

இந்த நிகழ்வுக்குப் பெயர் வைத்தவர் ஜப்பானில் பிறந்த அமெரிக்க வானிலை அறிஞர் டெட்சுயா ஃபுஜிடா, சூறாவளி அளவீட்டில் பெயர் வருகிறதே அவரேதான். 1945-ல் நாகசாகியில் அணுகுண்டு விழுந்த இடத்தில் மரங்கள் நட்சத்திர வடிவில் வெளிப்பக்கமாகச் சாய்ந்துகிடந்ததைப் பார்த்தவர். பின்னாளில் அமெரிக்காவில் புயல் கடந்த காடுகளில் அதே வடிவத்தைப் பார்த்தார். 1975-ல் நியூயார்க்கில் விழுந்த ஈஸ்டர்ன் 66 விபத்துக்கு இதுதான் காரணம் என்றார். பல வானிலையாளர்கள் அப்போது நம்பவில்லை. டல்லாஸில் தரைக்காற்றை அளக்கும் கருவிகள் இருந்தும் பலன் இல்லை. விமானம் விழுந்த பிறகுதான் எச்சரித்தன.

ஆனால் இந்த முறை வேலை ஒழுங்காக நடந்தது. 1988-ல் அமெரிக்கா விமானங்களில் காற்று மாற்ற எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியது. நாசா ஒரு 737-ஐ ஆய்வுக்கூடமாக்கி, வேண்டுமென்றே மைக்ரோபர்ஸ்ட்களைத் தேடிப் பறந்து, முன்கூட்டியே அறியும் ராடாரைச் சோதித்தது. விமான நிலையங்களில் டாப்ளர் ராடார் வந்தது. விமானிகளுக்கு சிமுலேட்டரில் தனிப் பயிற்சி வந்தது. பத்து, இருபது வருடத்துக்குள் அமெரிக்காவில் இந்த வகை விபத்து ஏறக்குறைய இல்லாமலே போனது. கருவி, பயிற்சி, தரை ராடார் என்று மூன்று பக்கமும் சேர்த்துச் செய்ததுதான் வித்தியாசம்.

நெருப்பு இல்லை, புகை

மான்செஸ்டரில் விமானம் தரையை விட்டு எழும்பவே இல்லை. கிரேக்கத் தீவான கார்ஃபூவுக்கு விடுமுறைக்குப் போகும் கூட்டம். ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது இடது என்ஜினின் எரிகலம் ஒன்று வெடித்து, சிதறிய துண்டு எரிபொருள் தொட்டியின் மூடியைத் துளைத்தது. விமானிகள் டயர் வெடித்தது என்று நினைத்து, அவசரப்படாமல் நிறுத்தி, ஓடுபாதையை விட்டு ஓரமாகத் திருப்பினார்கள். காற்று தீயை விமான உடலின் மீதே தள்ளியது.

137 பேரில் 55 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் தீயில் எரிந்து சாகவில்லை. நச்சுப் புகையில் மயங்கி விழுந்தார்கள். முன்பக்க வழி சுமார் 57 சென்டிமீட்டர் அகலம்தான், அங்கே நெரிசல். இறக்கைக்கு மேலே உள்ள அவசர வழியின் கதவு 22 கிலோ. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திறந்ததும் அது அவர் மேலேயே விழுந்தது. அந்தக் கதவுக்குப் போகும் இடைவெளியும் குறுகல்.

கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வாளர் ஹெலன் மியூர் இதை எடுத்துக்கொண்டார். ஏற்கெனவே செய்த வெளியேற்றச் சோதனைகளில் எல்லோரும் வரிசையாக, பண்பாக இறங்கினார்கள். நிஜத்தில் அப்படியா இறங்குவார்கள்? ஒரு பழைய விமானத்தில் தன்னார்வலர்களை உட்காரவைத்து, முதலில் வெளியேறும் பாதிப் பேருக்கு 5 பவுண்டு கூடுதல் என்றார். அவ்வளவுதான், இருக்கை மேல் ஏறிக் குதித்தார்கள், கதவில் சிக்கிக்கொண்டார்கள். எங்கே எவ்வளவு அகலம் வேண்டும் என்பதற்கு நிஜமான அளவு கிடைத்தது. சோதனை நடத்துபவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய பாடம் இது.

அவசர வழி வரிசையில் கால் நீட்ட இடம் கிடைக்கிறது என்று கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறோமே, அந்த இடத்தின் பின்னணியில் மான்செஸ்டர் இருக்கிறது. இருக்கை, சுவர்களுக்குச் சீக்கிரம் தீப்பிடிக்காத பொருள், தரையில் வழிகாட்டும் விளக்கு போன்றவையும் அந்தப் பத்தாண்டில்தான் பரவின. பயணிகளுக்குப் புகைக் கவசம் தருவது பற்றி விசாரணை அறிக்கை பரிந்துரைத்தது, அது ஏற்கப்படவில்லை.

பாடமே எழுதாத விபத்துகள்

ஏரோஃப்ளாட் விபத்து சோவியத் வரலாற்றிலேயே மோசமானது. அதிக எடை, அதிக உயரம், வெயில், சரியாகத் தூங்காத விமானிகள். வேகம் குறைந்து, தட்டையாகச் சுழன்று விழுந்தது. ஆனால் அந்தக் காலச் சோவியத்தில் இதைப் பற்றி வெளியே பேசவில்லை. 200 பேர் இறந்த விபத்துக்கு மற்ற நாடுகள் கற்றுக்கொள்ளும்படி எதுவும் மிஞ்சவில்லை.

கேண்டர் வேறு மாதிரி. விசாரணைக் குழுவே இரண்டாகப் பிரிந்தது. ஐந்து பேர் இறக்கையில் பனி படிந்திருந்திருக்கலாம் என்றார்கள். நான்கு பேர் ஒத்துக்கொள்ளாமல், உள்ளே வெடிப்பு நடந்திருக்கலாம் என்று தனி அறிக்கை எழுதினார்கள். கடைசியில் அந்த அமைப்பையே கலைத்துவிட்டு 1990-ல் கனடா புது விசாரணை வாரியம் அமைத்தது. விசாரிப்பவர் மேல் நம்பிக்கை இல்லையென்றால் பாடமும் இல்லை.

யாரும் சாகாத ஒரு சம்பவத்தையும் சேர்த்துவிடுகிறேன். ஐபீரியா விபத்து நடந்த அதே பிப்ரவரி 19. பசிபிக் மேல் 41,000 அடியில் சைனா ஏர்லைன்ஸ் 006-ன் ஒரு என்ஜின் விசை இழந்தது. ஆட்டோபைலட் சத்தமில்லாமல் அதைச் சமாளித்துக்கொண்டே இருந்தது. விமானிகள் என்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், விமானம் சாய்வதைக் கவனிக்கவில்லை. ஆட்டோபைலட்டை எடுத்ததும் புரண்டு, இரண்டரை நிமிடத்தில் சுமார் 9,500 அடிக்கு வந்துவிட்டது. எப்படியோ மீட்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் இறக்கினார்கள். 274 பேரும் பிழைத்தார்கள். தானியங்கி அமைப்பு ஒரு கோளாறைச் சமாளிக்கும்போது, "நான் சமாளிக்கிறேன்" என்று சொல்லவும் வேண்டும் என்பதை நான் இதில் படித்தேன்.

அதே வருடம் திறந்த வழி

1985-ல் வேறு சிலவும் நடந்தன. ஜூலையில் ரையன் ஏர் 15 இருக்கை விமானத்தோடு தொடங்கியது. அக்டோபர் 25 அன்று பாகிஸ்தான் விமான நிறுவனத்திடம் வாடகைக்கு வாங்கிய விமானத்தில் எமிரேட்ஸ் துபாயிலிருந்து கராச்சிக்குப் பறந்தது. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் எத்தனை பேர் பிற்பாடு அதில் ஏறியிருப்பார்கள்!

எனக்கு முக்கியமாகப் படுவது பிப்ரவரியில் நடந்தது. டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 767, இரண்டே என்ஜினோடு, பாஸ்டனிலிருந்து பாரிஸுக்கு அட்லாண்டிக்கைக் கடந்தது. அதுவரை அமெரிக்க விதிப்படி இரண்டு என்ஜின் விமானம், ஒரு என்ஜினில் 60 நிமிடத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடையும் தூரத்தை விட்டு விலகக்கூடாது. இதை 90 ஆக்கி, அதே வருடம் 120 நிமிடமாகவும் ஆக்கினார்கள். இந்த விதிக்கு ஈடாப்ஸ் என்று பெயர். என்ஜின் சுத்தணும், இல்லைன்னா பயணி நீந்தணும் என்று துறையிலேயே கிண்டல் உண்டு.

இவ்வளவு விபத்து நடந்த வருடத்தில் எப்படித் துணிந்தார்கள்? கணக்கை வைத்துத்தான். 120 நிமிட அனுமதிக்கு, பறக்கும் 1,000 மணி நேரத்துக்கு என்ஜின் நின்றுபோவது 0.05-க்கு மேல் போகக்கூடாது என்று அளவு வைத்தார்கள். அதாவது 20,000 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒன்று நின்ற பிறகு, அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் மற்றதும் தானாக நிற்கும் வாய்ப்பு 10,000-ல் ஒன்று. இரண்டையும் பெருக்கினால் மிகச் சிறிய எண்.

இந்தக் கணக்கு நிற்பது "தானாக" என்ற ஒரு சொல்லில். 1983-ல் மியாமியில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் மூன்று என்ஜின் விமானம் ஒன்றில் மூன்றிலுமே எண்ணெய் வடிந்தது. பராமரிப்பில் மூன்றிலும் ரப்பர் வளையத்தைப் போடாமல் விட்டிருந்தார்கள். மூன்று என்ஜின், ஒரே தவறு. அதனால் ஈடாப்ஸில் இரண்டு என்ஜினிலும் ஒரே வேலையை ஒரே ஆள் ஒரே சமயத்தில் செய்யக்கூடாது என்பது மாதிரி ஒழுங்குகள் வந்தன. ஜப்பானின் நான்கு ஹைட்ராலிக் குழாய் சொன்னதும் இதே விஷயம்தான். இன்று கடல் கடக்கும் விமானங்களில் பெரும்பாலானவை இரண்டு என்ஜின் விமானங்கள்.

முடிவாக

இந்த வருடத்தைப் படித்து முடித்தபோது எனக்கு நின்றது இதுதான். காரணத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. விதி எழுதுவது இன்னொரு வேலை. அந்த விதி நிஜமாக நடக்கிறதா என்று ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொரு தகட்டிலும் போய்ப் பார்ப்பது மூன்றாவது வேலை. டல்லாஸில் மூன்றும் நடந்தன, பலன் கிடைத்தது. கனிஷ்காவில் மூன்றாவது நடக்கவில்லை, லாக்கர்பி வந்தது. ஒஸுடகாவில் பாதி நடந்தது. சியூ சிட்டியில் 184 பேர் பிழைத்தார்கள், தைவான் நீரிணையில் 225 பேர் போனார்கள்.

மூன்றாவது வேலைக்குப் புகழ் கிடையாது, முடிவும் கிடையாது. பல நிறுவனங்களில் செலவைக் குறைக்க முதலில் கை வைப்பதும் அதில்தான். ஜப்பான் ஏர்லைன்ஸ் 2006-ல் ஹனேடாவில் ஒரு பாதுகாப்பு மையம் திறந்து, கிழிந்த அந்தத் தடுப்புச் சுவரையே வைத்திருக்கிறது. 1985-க்குப் பிறகு வேலையில் சேர்ந்த ஊழியர்கள் அதன் முன்னால் நின்று பார்க்கிறார்கள். அறிக்கையைப் படித்துவிட்டுப் போவதைவிட, அந்த ஒரு வரிசை ரிவெட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுப்பது மேல் என்று நினைத்திருப்பார்கள் போல.